வீட்டன், லாங்லி பார்க் பக்கம் சால்வடோர் சாப்பாடு: மலிவாக, நன்றாக எங்கே?

2025 மார்ச் 8, சனி காலை (கேள்வி)

மேரிலாந்தில் வீட்டனுக்குக் குடிவந்து இரண்டு மாதம். ஜார்ஜியா அவென்யூவில் எங்கே திரும்பினாலும் 'புபுசேரியா' என்று பலகை. எல்லாம் மெக்சிகோ கடைதானே, டாக்கோவைத்தான் வேறு பேரில் விற்கிறார்கள் என்று நினைக்கிறேன். வெளியே போய் நாலு பேர் சாப்பிட்டால் 80 டாலருக்குக் குறைவதில்லை. இந்தக் கடைகளில் கையைக் கடிக்காமல் சாப்பிட முடியுமா? வீட்டில் ஒருவர் சைவம்.

மார்ச் 8, பகல் (பதில்)

மெக்சிகோ இல்லை. அது எல் சால்வடோர். வாஷிங்டன் வட்டாரத்து லத்தீன் அமெரிக்கர்களில் பெரிய கூட்டம் அவர்கள்தான். 1960, 70களிலேயே தூதரகக்காரர்கள் வீட்டு வேலைக்கு அங்கிருந்து பெண்கள் வந்தார்கள். 1980 முதல் 1992 வரை நடந்த உள்நாட்டுப் போரில் மற்றவர்களும் வந்து சேர்ந்தார்கள். அதனால்தான் இந்தப் பக்கம் சால்வடோர் சாப்பாடு இவ்வளவு மலிவாகவும் நன்றாகவும் கிடைக்கிறது. கடை நடத்துவதும் அவர்கள், வேலை முடிந்து வந்து சாப்பிடுவதும் அவர்கள். சுற்றுலாக்காரருக்காக வைத்த விலை இல்லை.

புபுசா என்பது மக்காச்சோள மாவில் உள்ளே பூரணம் வைத்து, கையால் தட்டி, கல்லில் சுடுவது. போளி தட்டத் தெரிந்தவருக்கு அதன் சூட்சுமம் புரியும். உள்ளே பாலாடைக்கட்டி, பயறு, பன்றி இறைச்சி, பூசணி, கீரை, லொரோக்கோ என்ற பூமொட்டு என்று எதுவும் இருக்கலாம். ஒன்று 3 முதல் 4 டாலர். ஓர் ஆளுக்கு இரண்டு, நல்ல பசி என்றால் மூன்று.

தேட வேண்டிய இடங்கள்: வீட்டனில் ஜார்ஜியா அவென்யூ, வியர்ஸ் மில் சாலை, யூனிவர்சிட்டி பொலிவார்டு மூன்றும் சூழ்ந்த முக்கோணம். அடுத்தது லாங்லி பார்க்கில் நியூ ஹாம்ப்ஷயர் அவென்யூவும் யூனிவர்சிட்டி பொலிவார்டும் வெட்டும் சந்தி. இட்லி தோசைக்கும் மளிகைக்கும் நம்மவர்கள் போகிற அதே சந்திதான். பொட்டோமாக் ஆற்றுக்கு அந்தப்புறம் வர்ஜீனியாவில் கல்மோர், உட்பிரிட்ஜ், அலெக்சாந்திரியாவின் ஆர்லாந்திரியா. கடைசியாகச் சொன்ன பேட்டையை அங்கேயே 'சிரிலாகுவா' என்றுதான் சொல்வார்கள். அது எல் சால்வடோரில் ஓர் ஊர், குடியேறியவர்களில் பலருக்குச் சொந்த ஊர்.

பலகையில் 'டெக்ஸ்மெக்ஸ்' (அமெரிக்கப் பாணிக்கு மாறிய மெக்சிகோ சாப்பாடு) என்றும் எழுதியிருந்தால் அந்தக் கடையைத் தாண்டிப் போய்விடுங்கள். சைவம் சாப்பிடுபவருக்குப் பயறும் பாலாடைக்கட்டியும் வைத்ததைச் சொல்லுங்கள், கவலை இல்லை.

மார்ச் 8, இரவு

டெக்ஸ்மெக்ஸ் பற்றிப் பகலில் நான் சொன்னது தப்பு. இங்கே பழைய, நல்ல கடைகள் பலவற்றின் பலகையிலேயே அந்த வார்த்தை இருக்கிறது. கடை போட்ட காலத்தில் அமெரிக்க வாடிக்கையாளருக்குத் தெரிந்ததெல்லாம் ஃபஹீட்டாவும் நாச்சோவும்தான். அவர்களை உள்ளே வரவைக்க எழுதினார்கள், பிறகு அழிக்கவில்லை. பலகையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பட்டியலில் எந்தப் பக்கத்திலிருந்து வாங்குகிறீர்கள் என்பதுதான் விஷயம். 'பிளாத்தோஸ் சால்வடோரேன்யோஸ்' (சால்வடோர் பண்டங்கள்) என்ற தலைப்புக்குக் கீழே இருப்பதை வாங்குங்கள். ஃபஹீட்டா வாங்கினால் 20 டாலருக்கு மேல் போகும், அந்த அடுப்படிக்கு அது கைவந்த பண்டமும் இல்லை.

மார்ச் 9, ஞாயிறு

"நல்ல கடை எது என்று உள்ளே போகாமல் எப்படித் தெரியும்?" என்று கேட்டிருக்கிறார் இன்னொருவர். கொஞ்சமாவது உள்ளே போகத்தான் வேண்டும். போனதும் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். உள்ளங்கையால் மாவு தட்டுகிற சத்தம், பட் பட் என்று, கேட்க வேண்டும். கேட்டால் சொன்ன பிறகுதான் செய்கிறார்கள் என்று அர்த்தம். 10 முதல் 15 நிமிடம் ஆகும். 3 நிமிடத்தில் தட்டு வந்தால் அது முன்பே சுட்டு அடுக்கி வைத்தது.

முடிந்தால் கல்லுக்குப் பக்கத்தில் நின்று பாருங்கள். ஒரு கிண்ணத்தில் தண்ணீரும் கொஞ்சம் எண்ணெயும். அதில் கை நனைத்து, எலுமிச்சையைவிடச் சற்றுப் பெரிய உருண்டை எடுத்து, கட்டைவிரலால் குழித்துக் கிண்ணம் மாதிரி ஆக்கி, பூரணத்தை வைத்து, விளிம்பைக் கூட்டி மூடி, மேலே மிஞ்சின மாவைக் கிள்ளி எறிவார்கள். பிறகு இரண்டு கைக்கும் நடுவே திருப்பித் திருப்பித் தட்டுவார்கள். பூரிக்கட்டையோ அச்சோ கிடையாது. கிள்ளுகிற அந்த இடம்தான் கைத்திறன். கிள்ளாமல் விட்டால் ஒரு பக்கம் வெறும் மாவாக நிற்கும், கடித்தால் வேகாத களி போல இருக்கும்.

தட்டில் வந்ததும் பார்க்க வேண்டியவை: விளிம்பு வரை பூரணம் வந்திருக்கிறதா? ஓரிரண்டு இடத்தில் பாலாடைக்கட்டி பிதுங்கிக் கல்லில் பட்டு, பொன்னிறமாக முறுகியிருக்கிறதா? அது குறை இல்லை, பலர் அந்த முறுகலுக்காகவே போகிறார்கள். விளிம்பு முழுக்க வெடித்திருந்தால் மாவு காய்ந்துவிட்டது என்று பொருள். மேலெல்லாம் எண்ணெய் மினுங்கினால் சுடவில்லை, பொரித்திருக்கிறார்கள்.

அடுத்து குர்த்தீதோ. முட்டைக்கோசு, கேரட், வெங்காயம், ஓரிகானோ போட்டு வினிகரில் ஊறவைத்த ஊறுகாய். புபுசாவுக்குக் கூடவே வரும், தனிக்காசு இல்லை. சில கடைகளில் மேசைமேல் பெரிய ஜாடியிலேயே இருக்கும். அது பச்சைக் கோசு மாதிரி நறநறவென்று இருந்தால் காலையில் நறுக்கியது. புளிப்பு இறங்கி, கொஞ்சம் துவண்டு, ஆனாலும் கடிபட வேண்டும். குர்த்தீதோவில் அக்கறை காட்டுகிற கடை மற்றதிலும் காட்டும். எனக்கு இதுவரை பொய்க்காத அளவுகோல் இது ஒன்றுதான்.

கத்தி, முள்கரண்டி வேண்டாம். கையால் பிய்த்து, மேலே குர்த்தீதோ வைத்து, தக்காளிச் சாற்றை ஊற்றிச் சாப்பிடுவதுதான் அவர்கள் வழக்கமும்.

மார்ச் 12, புதன்

சைவர்களே, இதை அவசியம் படியுங்கள். 8ஆம் தேதி "கவலை இல்லை" என்று நான் எழுதியது அவசரம். பயறு விஷயத்தில் கவலை உண்டு.

பயறு என்றால் சிவப்புச் சின்னப் பயறு. வேகவைத்து, மசித்து, வெங்காயத்தோடு கொழுப்பில் வதக்கி இறுக்குவார்கள். அந்தக் கொழுப்பு எண்ணெயாகவும் இருக்கலாம், பன்றிக்கொழுப்பாகவும் இருக்கலாம். கடைக்குக் கடை மாறும். 'இறைச்சி இல்லை' என்று பரிமாறுகிறவர் சொல்வது உண்மைதான், கொழுப்பை அவர் இறைச்சிக் கணக்கில் சேர்ப்பதில்லை.

எனவே கேள்வியை மாற்றுங்கள்: "லோஸ் ஃபிரிஹோலெஸ் யேவன் மன்தேகா?" பயறில் கொழுப்பு சேர்க்கிறீர்களா என்று பொருள். ஆமாம் என்றால் விட்டுவிடாதீர்கள். மன்தேகா என்பது டால்டா போன்ற தாவரக் கொழுப்பையும் குறிக்கும். "தே செர்தோ ஓ வெஹெதால்?" என்று கேளுங்கள். செர்தோ பன்றி, வெஹெதால் தாவரம். 'அசெய்தே' என்று பதில் வந்தால் எண்ணெய்.

பயறில்லாமல் சைவத்துக்குச் சரியானவை: பாலாடைக்கட்டி மட்டும் (கேசோ), பாலாடைக்கட்டியும் லொரோக்கோவும், பூசணி (அயோத்தே), பசலைக்கீரை (எஸ்பினாகா). 'ரெவுவெல்தா' என்றால் கலவை, அதில் பன்றி இறைச்சி உண்டு. 'லோக்கா' என்ற பெரிய தட்டு புபுசாவில் இருப்பதெல்லாம் போடுவார்கள், இறைச்சியும் சேர்த்துத்தான். 'சிச்சரோன்' என்று இங்கே சொல்வது மொறுமொறு தோல் இல்லை, வேகவைத்த பன்றி இறைச்சியைத் தக்காளி, குடைமிளகாயோடு விழுதாக அரைத்தது. கண்ணால் பார்த்தால் பயறு விழுது மாதிரியே இருக்கும், சைவருக்கு அதனால்தான் ஏமாற்றம். வாங்கும்போதே "ஸின் சிச்சரோன்" என்று சொல்லிவிடுங்கள்.

சோற்றையும் தக்காளிச் சாற்றையும் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டிலும் கோழிச்சாற்றுப் பொடி போடுகிற பழக்கம் உண்டு. குர்த்தீதோவில் சிக்கல் இல்லை. கல் ஒன்றேதான், இறைச்சி புபுசாவும் அதே கல்லில்தான் சுடுகிறார்கள். அது ஒவ்வாதவர்களுக்கு இந்தக் கடைகள் சரிப்படாது. தெரிந்தே முடிவு செய்யுங்கள்.

மாட்டிறைச்சி தவிர்ப்பவர்களுக்கு: பட்டியலில் வெறுமனே 'கார்னே' என்று இருந்தால் பெரும்பாலும் மாடு. 'ரெஸ்' என்றாலும் மாடு.

மார்ச் 14, வெள்ளி

தவக்காலம் நடக்கிறது. மார்ச் 5 தொடங்கி ஈஸ்டர் வரை, வெள்ளிக்கிழமைகளில் கத்தோலிக்கக் குடும்பங்கள் இறைச்சி தொடுவதில்லை. எனவே வெள்ளி மாலை இந்தக் கடைகளில் பாலாடைக்கட்டிப் புபுசா சுடச்சுட ஓடிக்கொண்டே இருக்கும், இறைச்சியில்லாத பண்டம் கேட்டால் யாரும் விசித்திரமாகப் பார்க்க மாட்டார்கள். 'தொர்ரெஹாஸ்' வைத்திருந்தால் விடாதீர்கள். ரொட்டித் துண்டை முட்டையில் தோய்த்துப் பொரித்து, வெல்லப்பாகில் பட்டை போட்டு ஊறவைத்தது. ஈஸ்டர் முடிந்தால் பல கடைகளில் நின்றுவிடும்.

மார்ச் 16, ஞாயிறு

"புபுசா மட்டும்தானா?" இல்லை. ஆனால் முதல் தடவை போகிறவர் பட்டியல் முழுக்க மேய வேண்டாம்.

மரவள்ளிக்கிழங்கு: 'யூக்கா ஃப்ரீத்தா' பொரித்தது, 'சங்கோச்சாதா' வேகவைத்தது. மேலே குர்த்தீதோவும், பன்றி இறைச்சி அல்லது 'பெபெஸ்கா' என்ற பொடிமீன் பொரியலும் வரும். இறைச்சி வேண்டாம் என்றால் தனியாகத் தருவார்கள். நல்ல கடையில் முதலில் வேகவைத்து, ஆறவிட்டு, பிறகு பொரிப்பார்கள், உள்ளே மாவாக உதிரும். நார் நாராக இழுத்தால் கிழங்கு பழசு.

காலைச் சாப்பாடு: முட்டை, மசித்த பயறு, பொரித்த நேந்திரம் வகை வாழை, க்ரெமா என்ற புளிப்பு ஆடை, ஒரு துண்டு உப்புப் பாலாடைக்கட்டி, தொர்த்தீயா என்ற தடித்த சோள ரொட்டி இரண்டு. மதியம் வரை பசிக்காது. 'கசமியெந்தோ' என்று கண்டால் பயறும் சோறும் சேர்த்து வதக்கியது. அந்த வார்த்தைக்குக் கல்யாணம் என்று பொருள்.

சூப்: பெரும்பாலும் சனி, ஞாயிறில். 'சோப்பா தே பாத்தா' மாட்டுக்கால், குடல், மரவள்ளி, சோளக்கதிர் எல்லாம் போட்டது. பெரிய கிண்ணம், இரண்டு பேர் பகிரலாம். மதியம் 2 மணிக்குப் பிறகு போனால் தீர்ந்திருக்கும்.

தமால்: சோளமாவில் பூரணம் வைத்து, இலையில் கட்டி வேகவைப்பது. சால்வடோர் தமாலை வாழையிலையில் கட்டுவார்கள். மெக்சிகோவில் பெரும்பாலும் சோளத்தோகை. இலையைப் பிரித்ததும் வருகிற வாசனை நமக்கு அந்நியமாக இருக்காது.

குடிக்க: ஓர்ச்சாத்தா. மெக்சிகோவில் அரிசி ஓர்ச்சாத்தா, வெள்ளையாக இருக்கும். இவர்களுடையது மோர்ரோ என்ற காயின் விதை, எள், கொக்கோ, பட்டை சேர்த்து அரைத்தது, பழுப்பு நிறம், அடியில் வண்டல் தங்கும். கலக்கிக் குடிக்க வேண்டும். 'தமரிந்தோ' புளித்தண்ணீர். 'மரன்யோன்' முந்திரிப்பழச் சாறு, பழத்தின் துவர்ப்பு அப்படியே இருக்கும். 'என்சலாதா' என்று கேட்டால் பொடியாக நறுக்கிய பழம் மிதக்கும் பானம் வரும், காய்கறித் தட்டு வராது.

இன்னொரு பேர்க் குழப்பம்: 'கேசாதீயா' என்றால் சால்வடோர் பேக்கரியில் அரிசிமாவும் பாலாடைக்கட்டியும் போட்ட இனிப்புக் கேக், மேலே எள். காரமானதை எதிர்பார்த்து வாங்காதீர்கள். காப்பிக்கு மிக நன்றாக இருக்கும்.

மார்ச் 16, மாலை

கேள்வி கேட்டவருக்குக் கணக்கு. நாலு பேர், 10 புபுசா, ஒன்று 3.50 வீதம் 35 டாலர். பொரித்த மரவள்ளி ஒரு தட்டு சுமார் 10. மேரிலாந்து விற்பனை வரி 6 சதவீதம் சேர்த்தால் 48க்குள். குடிக்கத் தண்ணீர். சிலவு கூடுவதே பானத்திலும் பெரிய தட்டுகளிலும்தான். ஆளுக்கொரு பானம் என்று போனால் இன்னும் 15 ஏறும். ஒரே ஓர்ச்சாத்தாவை இரண்டாகப் பகிருங்கள், கோப்பை பெரியது.

மார்ச் 23, ஞாயிறு

"வீட்டுக்கு வாங்கி வந்தேன், சதசதவென்று இருந்தது, உங்கள் பேச்சை நம்பினேனே" என்று எழுதியிருக்கிறார் ஒருவர். கடையின் குற்றம் இல்லை, டப்பாவின் குற்றம். சூடான புபுசாவை அலுமினியத் தாளில் சுற்றி மூடினால் ஆவி வெளியே போக வழியின்றி மாவுக்குள்ளேயே இறங்கும். 20 நிமிடப் பயணம் போதும், தோல் உரிந்துவிடும்.

வாங்கும்போது குர்த்தீதோவும் சாறும் தனிப்பையில் இருக்கிறதா பாருங்கள். வண்டியில் ஏறினதும் டப்பா மூடியை ஒரு விரல் அளவு திறந்து வையுங்கள். வீட்டில் தோசைக்கல்லை மிதமான தீயில் காயவைத்து, எண்ணெய் இல்லாமல், ஒரு பக்கம் 3 நிமிடம், மறுபக்கம் 3 நிமிடம். மைக்ரோவேவ் வேண்டாம், தோல் ரப்பராகும், உள்ளே பாலாடைக்கட்டி மட்டும் கொதித்து நாக்கைச் சுடும். மறுநாளைக்கு மிஞ்சினாலும் இதே முறை, தீயை இன்னும் குறைத்து, 5 நிமிடம்.

லாங்லி பார்க் போகிறவர்களுக்கு: பர்ப்பிள் லைன் ரயில் வேலையால் யூனிவர்சிட்டி பொலிவார்டில் தடங்கள் அவ்வப்போது மாறுகின்றன. நியூ ஹாம்ப்ஷயர் அவென்யூ பக்கமிருந்து நுழைவது சுலபம். வேலை நடக்கிற இடத்துச் சிறு கடைகளுக்கு வாடிக்கை குறைந்து கஷ்டம். வண்டி நிறுத்தச் சிரமம் என்று அவர்களை விட்டுவிடாதீர்கள்.

மார்ச் 30, ஞாயிறு

வீட்டில் செய்ய அளவு கேட்டு மூன்று பேர்.

மாவு சரியாக வாங்குவதுதான் பாதி வேலை. பையில் 'மாசா' என்று இருக்க வேண்டும். அது சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து, அரைத்து, உலர்த்திய மாவு. வெள்ளையாகத் தூள் தூளாக விற்கும் கார்ன் ஸ்டார்ச் வேலைக்கு ஆகாது. நம் கடைச் சோளமாவும் சேர்ந்து வராது. அரேப்பா என்ற இன்னொரு சோள ரொட்டி செய்ய விற்கும் முன்வெந்த மாவு பக்கத்திலேயே அடுக்கியிருக்கும், பையும் பார்க்க ஒரே மாதிரி. அதில் சுண்ணாம்பு வாசனை இருக்காது, ருசி வேறு.

2 கப் மாசா மாவு, அரைத் தேக்கரண்டி உப்பு, வெதுவெதுப்பான தண்ணீர் ஒன்றரை கப்பில் தொடங்கி ஒன்றேமுக்கால் வரை. பிசைந்து ஈரத்துணி மூடி 10 நிமிடம். உருண்டை ஒன்றை அழுத்திப் பாருங்கள். விளிம்பு வெடித்தால் ஒரு மேசைக்கரண்டி தண்ணீர். கையில் ஒட்டினால் ஒரு மேசைக்கரண்டி மாவு. சப்பாத்தி மாவைவிடத் தளர்வாக இருக்க வேண்டும். சப்பாத்திக் கைப்பழக்கத்தில் இறுக்கமாகப் பிசைவதுதான் நம் வீடுகளில் நடக்கிற முதல் தப்பு.

பூரணம்: 'கெசீயோ' என்ற உருகும் பாலாடைக்கட்டி கிடைத்தால் அதுவே. இல்லையென்றால் குறைந்த ஈரப்பதமுள்ள மொசரெல்லாவைத் துருவிக் கையால் பிசைந்து விழுதாக்குங்கள். துருவலாகவே வைத்தால் அதன் முனைகள் மாவைக் குத்திக் கிழிக்கும். தண்ணீரில் மிதக்கும் மொசரெல்லா கூடாது, ஈரம் கக்கி மாவு பிரிந்துவிடும். ஒன்றுக்கு ஒன்றரை மேசைக்கரண்டி. அரை அங்குலத்துக்கு மிகாத தடிமன். மிதமான தீயில் ஒரு பக்கத்துக்கு 4 நிமிடம். தீ அதிகமானால் வெளியே கருகும், உள்ளே மாவு வேகாது.

குர்த்தீதோ: அரை முட்டைக்கோசை மெல்லிசாகச் சீவி, கொதிக்கும் தண்ணீர் ஊற்றி ஒரே நிமிடம், உடனே வடித்துப் பிழியுங்கள். ஒரு கேரட் துருவல், அரை வெங்காயம், அரை கப் வினிகர், கால் கப் தண்ணீர், ஒரு தேக்கரண்டி உப்பு, ஒரு தேக்கரண்டி காய்ந்த ஓரிகானோ, காரத்துக்குப் பச்சை மிளகாய் கீறி. ஒரு ராத்திரி குளிர்ப்பெட்டியில் இருக்கட்டும்.

ஏப்ரல் 5, சனி

அரிசிப் புபுசா பற்றி எழுத விட்டுப்போனது. 'தே அர்ரோஸ்' என்று கேட்டு வாங்குங்கள். எல் சால்வடோரில் விமான நிலையத்துக்குப் போகும் வழியிலுள்ள ஒலோக்கூயில்தா என்ற ஊர் அதற்குப் பேர் போனது. மாவு வெள்ளையாக, வெளியே முறுகலாக, உள்ளே மெத்தென்று இருக்கும். சோளத்தின் மணம் பிடிக்காதவர்களுக்கு இதில் தொடங்குவது நல்லது. வார நாளில் சில கடைகள் அரிசி மாவு கரைப்பதில்லை, சனி, ஞாயிறில் கேளுங்கள். இரண்டு மாவும் வைத்திருக்கிற கடையில் வாடிக்கை அதிகம் என்று பொருள், மாவு பழசாகாது.

மளிகைக் கடைகளுக்குள்ளே இருக்கிற சின்னக் கல்லையும் விட்டுவிடாதீர்கள். இறைச்சி விற்கும் இடத்துக்குப் பின்னால், நாலு நாற்காலி, கையால் எழுதிய பலகை. பரிமாறும் ஆள் இல்லாததால் விலையும் சற்றுக் குறைவு.

ஏப்ரல் 12, சனி

முதல் கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார்: நாலு பேருக்கு 44 டாலர், வீட்டுச் சைவருக்கு லொரோக்கோ பிடித்துப்போனது, ஆனால் அடுத்த கடையில் வாங்கியதில் லொரோக்கோ புளித்தது, ஏன்?

அது ஜாடி லொரோக்கோ. உப்புத்தண்ணீரில் போட்டு வருவது, புளிப்பும் உப்பும் ஏறியிருக்கும், மொட்டு சாம்பல் பச்சையாகக் குழைந்திருக்கும். உறையவைத்துக் கொண்டுவந்தது நல்ல பச்சை, மொட்டு முழுசாகத் தெரியும், வாசனை தூக்கலாக இருக்கும். "லொரோக்கோ கொங்கெலாதோ ஓ தே ஃபிராஸ்கோ?" என்று கேளுங்கள். முன்னது உறைந்தது, பின்னது ஜாடி. வீட்டுக்கு வாங்குவதானால் லத்தீன் மளிகைக் கடையின் உறைபெட்டியில் பாருங்கள்.

அடுத்த தடவை 'மோரா' இருக்கிறதா என்றும் கேட்டுப் பாருங்கள். எல்லாக் கடையிலும் இருக்காது. ஸ்பானிய அகராதியைப் பார்த்தால் நாவற்பழ நிறத்துப் பழம் ஏதோ என்று காட்டும். இங்கே அது கீரை, மணத்தக்காளிக்கு மிக நெருங்கிய உறவு. அதே லேசான கசப்பு. பாலாடைக்கட்டியோடு சேர்த்துச் சுடுகிறார்கள், கசப்பும் உப்பும் சேர்ந்து மிகப் பொருத்தமாக இருக்கும். வீட்டில் செய்வதானால் கீரையை நறுக்கி, எண்ணெயில் ஈரம் வற்றும்வரை வதக்கி, ஆறின பிறகுதான் பாலாடைக்கட்டியில் பிசைய வேண்டும். ஈரத்தோடு போட்டால் கல்லில் வாய் பிளந்துவிடும்.